குளக்கரையில் மணக்காத புதினா: லைக்கோபஸ் அமெரிக்கானஸை இனங்காண்பது எப்படி

கேட்கப்பட்டது இது: கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் சம்பும் கோரையும் அடர்ந்த ஒரு குளக்கரையில் முழங்கால் உயரச் செடி ஒன்று நிற்கிறது. தண்டு சதுரம். இலைகள் எதிரெதிரே. மேல்பகுதியில் ஒவ்வொரு இலைக்கோணத்திலும் தண்டைச் சுற்றி வெள்ளைப் பொடிப்பூக்கள். கீழ் இலைகள் கிழிந்ததுபோல் இருக்கின்றன. கசக்கினால் புதினா வாசம் வரவில்லை. ஒரு செயலி காட்டுப் புதினா என்கிறது, இன்னொன்று ஐரோப்பாவிலிருந்து வந்த செடி என்கிறது. எது சரி? இது அந்த மண்ணின் சொந்தச் செடியா?

சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது லைக்கோபஸ் அமெரிக்கானஸ் ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் அமெரிக்கன் வாட்டர் ஹோர்ஹவுண்ட் என்பார்கள். பியூகிள்வீட் என்ற பொதுப்பெயரும் இந்தப் பேரினம் முழுவதற்கும் வழங்குகிறது. வட அமெரிக்காவுக்கே உரிய பல்லாண்டுச் செடி. ஆனால் ‘வாய்ப்பு அதிகம்’ என்பதிலிருந்து ‘இதுதான்’ என்பதற்குப் போக மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும்: கீழ் இலைகள், காய்த்த பூவின் புல்லிமுனைகள் (பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணத்தின் முனைகள்), தண்டின் அடி. எல்லோரும் படமெடுப்பதோ பூவைத்தான். பூவை மட்டும் பார்த்தால் இது லைக்கோபஸா இல்லையா என்று சொல்லிவிடலாம். எந்த லைக்கோபஸ் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது.

முதலில் குடும்பத்தை உறுதிசெய்வோம். துளசி, தும்பை, பேய்மிரட்டி, கற்பூரவல்லி தெரிந்தவர்களுக்குப் புதினாக் குடும்பம் புதிதல்ல. தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு விளிம்புகளும் தட்டுப்படும். லைக்கோபஸில் பக்கங்கள் தட்டையாக இல்லாமல் சற்றே குழிந்து பள்ளம் ஓடியிருக்கும். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிரே. அடுத்த கணுவின் இரண்டு இலைகள் இதற்குக் குறுக்காக. மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். பூக்கள் தண்டை வளையமாகச் சூழ்ந்து, வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே வெறுந்தண்டு இருக்கும். தும்பையில் பார்த்திருப்பீர்களே, அதே அமைப்பு. பூ உதிர்ந்த பின் புல்லிக்கிண்ணத்துக்குள் நான்கு சிறுகொட்டைகள் இருக்க வேண்டும். உலர்ந்த துளசிக் கதிரை உதிர்த்து ஒரு கிண்ணத்தைப் பிரித்தால் நான்கு விதைகள் வருவதும் இதே குடும்பக் குணம்தான்.

தண்டைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நீருக்குள் மூழ்கியிருக்கும் அடித்தண்டு காற்றறைகளால் உப்பிப் பஞ்சுபோல் ஆகிவிடுவதுண்டு. அங்கே விளிம்புகள் மழுங்கிவிடும். நீர்மட்டத்துக்கு மேலே, தண்டின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்.

சதுரத் தண்டு என்றதும் புதினாக் குடும்பம் என்று முடிவுகட்டுவதும் தவறு. அதே சேற்றில் நிற்கும் பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃப், அதாவது லித்ரம் சாலிகாரியா, சதுரத் தண்டும் எதிரிலைகளும் கொண்டதுதான். ஆனால் அதன் இலை விளிம்பில் பல்லே கிடையாது. உச்சியில் நீண்ட ஊதாக் கதிர். ஐரோப்பாவிலிருந்து வந்து ஈரநிலங்களை அடைத்துக்கொண்ட செடி அது. மங்கிஃப்ளவர் எனப்படும் மிமுலஸ் ரிங்கென்ஸுக்கும் சதுரத் தண்டு உண்டு; பூ பெரியது, நீலம்கலந்த ஊதா, தனிக்காம்பில் நிற்கும். நீல வெர்வெய்ன் செடிக்குப் பூக்கள் உச்சியில் மெழுகுவர்த்திக் கொத்துபோல் நிமிர்ந்த கதிர்களில் வரும். பூவோடு நின்றால் இந்த மூன்றும் குழப்பாது. பூ வருமுன் குழப்பக்கூடியது வேறொன்று: பொய்க்காஞ்சொறி என்று சொல்லத்தக்க போமேரியா சிலிண்ட்ரிகா. எதிரிலை, பல்விளிம்பு, ஈர நிழல், எல்லாம் ஒத்துப்போகும். இலையின் அடியைப் பாருங்கள். போமேரியாவில் காம்பு சேருமிடத்திலிருந்தே மூன்று பெரிய நரம்புகள் விரியும், இலைக்காம்பும் நீளம். லைக்கோபஸில் ஒரே நடுநரம்பு, அதிலிருந்து பக்கநரம்புகள் படிப்படியாகப் பிரியும். இலையடி குறுகிக் குறுகிக் காம்பாக மாறும்.

அடுத்தது, புதினாவா லைக்கோபஸா என்ற கேள்வி. செயலிகள் இங்கேதான் அடிக்கடி வழுக்குகின்றன. அதில் வியப்பில்லை: வட அமெரிக்காவின் சொந்தக் காட்டுப் புதினாவான மென்தா கனடென்சிஸும் அதே கரையில், அதே உயரத்தில், அதே இலைக்கோணங்களில் அதே மாதிரி வளையமாகத்தான் பூக்கிறது. படத்துக்கு வாசம் கிடையாது. கையில் செடி இருந்தால் பாதி வேலை மூக்கிலேயே முடிந்துவிடும். ஓர் இளம் இலையை நன்றாகக் கசக்கி முகர்ந்தால் புதினாவில் சந்தேகத்துக்கு இடமில்லாத வாசம் வரும். லைக்கோபஸில் வெறும் பச்சிலை நெடி. முற்றிப் பழுத்த இலையையும் மழையில் ஊறிய இலையையும் முகராதீர்கள். இன்னொன்று: புதினாவைத் தொட்ட கையோடு அடுத்த செடியைக் கசக்கினால் அதுவும் புதினாவாகத்தான் மணக்கும். கையைக் கழுவிவிட்டு, அல்லது மற்றக் கையால், இன்னொரு செடியில் சோதியுங்கள்.

மூக்கை நம்பாதவர்களுக்கும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், மகரந்தத்தாள் இருக்கிறது. புதினாவில் நான்கு தாள்கள், பெரும்பாலும் இதழ்க்குழாயை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லைக்கோபஸில் வளமான தாள்கள் இரண்டே இரண்டு. மற்ற இரண்டும் இல்லாமலே போயிருக்கும், அல்லது மகரந்தப்பை இல்லாத இழைகளாகக் குறுகியிருக்கும். இதைக் காண 10 மடங்கு பெருக்கும் கைவில்லை போதும். வில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்து, பூவை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். வில்லையைப் பூவுக்கு அருகில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெளியாது. காலையில் புதிதாக விரிந்த பூ நல்லது. மாலைக்குள் தாள்கள் உதிர்ந்திருந்தால், புதினாவில் இரண்டு மட்டும் மிஞ்சி நின்று ஏமாற்றும். ஆகவே ஐந்தாறு பூக்களைப் பாருங்கள். நிறமும் துணைச்சான்றுதான்: கனடென்சிஸ் பெரும்பாலும் இளம் ஊதா அல்லது இளஞ்சிவப்பு சாயும், லைக்கோபஸ் வெள்ளை. ஆனால் வெளிறிய புதினாப் பூக்கள் உண்டு. நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

குடும்பத்தின் மற்ற ஈரநிலச் செடிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்கல்கேப் வகைகளில் பூ நீலம்; காய்க்கும்போது புல்லியின் முதுகில் ஒரு சிறு கேடயம் புடைத்து நிற்கும், வேறு எதிலும் அப்படி வராது. அவற்றில் ஸ்குட்டலேரியா லாடரிஃப்ளோரா மட்டும் பூ வருமுன் லைக்கோபஸ்போலத் தோன்றும். அதன் இலையடி அகன்று உருண்டிருக்கும், காம்பும் தெளிவாகத் தனித்துத் தெரியும். ஸ்டாகிஸ் வகைகளிலும் டியூக்ரியம் கனடென்ஸிலும் பூக்கள் உச்சிக் கதிராகத் திரளும். பூ உச்சியில் திரண்டால் லைக்கோபஸ் அல்ல. இந்த ஒரு விதி பாதிப் பெயர்களைக் கழித்துவிடும்.

இனிதான் சிக்கல். லைக்கோபஸ் என்று உறுதியான பின், எது? பேரினத்தில் உலகம் முழுவதும் பதினைந்து அளவில் சிற்றினங்கள்தான். கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள பெருஏரிகளைச் சூழ்ந்த நிலத்தில் அன்றாடம் குழப்பக்கூடியவை நான்கு: அமெரிக்கானஸ், யூனிஃப்ளோரஸ், வர்ஜினிகஸ், வந்தேறியான யூரோப்பியஸ். மேற்கே போனால் ஆஸ்பர் சேரும். அதன் இலைகளுக்குக் காம்பே இராது, தண்டைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முதல் இடம், கீழ் இலைகள். அமெரிக்கானஸின் நடுத்தண்டு இலை 3 முதல் 8 செ.மீ. நீளம். கீழே போகப்போக வெட்டு ஆழமாகும். இலையின் அடிப்பாதியில் வெட்டுகள் நடுநரம்பை நோக்கி நன்றாக உள்ளே இறங்கி, ஓக் இலைபோல் மடல்மடலாகத் தெரியும். மேலே போகப்போக அதே இலை ஒடுங்கி வெறும் ரம்பப்பல் ஆகிவிடும். யூனிஃப்ளோரஸிலும் வர்ஜினிகஸிலும் அடியிலிருந்து நுனிவரை பல் மட்டும்தான், மடலாகப் பிளப்பதில்லை. அதனால் கீழ் இலை மடலாகப் பிளந்திருந்தால் இந்த இரண்டும் கழிந்தன.

இங்கே தவறு நேரும் விதம் மூன்று. ஆகஸ்டு முடிவதற்குள் கீழ் இலைகள் பழுத்து உதிர்ந்துவிடும். மேல்பாதியை மட்டும் பார்ப்பவர் ‘பல் மட்டும்தான் இருக்கிறது’ என்று எழுதிவிடுவார். அடித்தண்டைச் சுற்றிச் சேற்றில் கிடக்கும் காய்ந்த இலையை எடுத்து நீரில் விரித்துப் பாருங்கள். அடுத்து, நாற்றுகளிலும் வேனிலின் தொடக்கத்தில் கிளம்பும் தளிர்களிலும் வெட்டு இன்னும் ஆழப்பட்டிருக்காது. கடைசியாக, மான் மேய்ந்த செடி. உச்சி போனபின் கிளைக்கும் பக்கக்கிளைகளில் சிறிய, குறுகிய, கிட்டத்தட்ட மடலற்ற இலைகளே வரும். கிளை இலையை வைத்து இனம் சொல்லக் கூடாது. முதன்மைத் தண்டின் இலைதான் சான்று.

இரண்டாம் இடம், புல்லிமுனை. மூன்றில் நம்பகமானது இதுவே. பூ முடிந்து காய் முதிரும்போது ஒரு வளையத்திலிருந்து நகத்தால் இரண்டு மூன்று கிண்ணங்களைப் பிய்த்து வெள்ளைத்தாளில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கானஸில் புல்லிவட்டத்தின் ஐந்து முனைகளும் ஊசிபோல் ஒடுங்கி, உள்ளே இருக்கும் சிறுகொட்டைகளைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கொட்டைகள் தெரியாது. முள்வேலிக்குள் ஒளிந்தவைபோல் உள்ளே கிடக்கும். யூனிஃப்ளோரஸிலும் வர்ஜினிகஸிலும் புல்லிமுனைகள் அகன்ற முக்கோணம், மழுங்கல், குட்டை. கொட்டைகள் அவற்றுக்குச் சமமாகவோ அவற்றைவிட உயர்ந்தோ நின்று எட்டிப்பார்க்கும். வில்லை கைவசம் இல்லையென்றால் விரல் நுனியால் முதிர்ந்த வளையத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். அமெரிக்கானஸ் உறுத்தும். மற்ற இரண்டும் மொழுமொழுவென்றிருக்கும்.

இந்தச் சோதனையைப் பூ விரிந்திருக்கும்போதே செய்தால் விடை பிழைக்கும். அப்போது கொட்டை வளரவில்லை. எந்த இனத்திலும் புல்லிமுனை கொட்டையைவிட நீளமாகத்தான் தெரியும். வளையத்தில் பழுப்பேறிய கிண்ணம் கிடைக்கும்வரை பொறுங்கள். தெற்கு ஒன்ராறியோவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கும். ஒரே தண்டில் கீழ் வளையங்கள் காய்த்திருக்க மேல் வளையங்கள் பூத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஆகஸ்டு நடுவில் போனால் பூவையும் காயையும் ஒரே செடியில் பார்த்துவிடலாம். வருடத்தில் ஒரே ஒருநாள்தான் போக முடியும் என்றால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

சிறுகொட்டை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர்கூட எட்டாது. ஆனாலும் பார்க்கத் தக்கது. விளிம்பில் தக்கைபோன்ற ஒரு தடித்த வரம்பு ஓடும். அந்தத் தக்கைதான் அதை நீரில் மிதக்க வைக்கிறது. ஒரு கரையில் உதிர்ந்த விதை நீர் போகும் வழியெல்லாம் இனத்தைப் பரப்புவது இதனால்தான். ஒரு கோப்பை நீரில் நான்கைந்தைப் போட்டால் மிதப்பதை வீட்டிலேயே காணலாம். யூனிஃப்ளோரஸ், வர்ஜினிகஸ் கொட்டைகளின் மேல்விளிம்பில் சின்னச் சின்ன மொட்டுகள் எழும்பிச் சொரசொரப்பாக இருக்கும்.

மூன்றாம் இடம், தண்டின் அடி. செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். தண்டு சேற்றுக்குள் இறங்குமிடத்தில் இரண்டு விரல்களை விட்டுச் சுற்றிலும் துழாவுங்கள். யூனிஃப்ளோரஸில் தண்டடி கிழங்குபோல் தடித்திருக்கும். அங்கிருந்து போகும் மெல்லிய ஓடுதண்டுகளின் நுனியிலும் வெண்ணிறக் கிழங்கு கட்டும். அமெரிக்கானஸில் கிழங்கு இல்லை. கணுக்கணுவாக வேர்விடும் மெல்லிய ஓடுதண்டு மட்டும்தான் அகப்படும். வர்ஜினிகஸில் நீண்ட ஓடுதண்டுகள் உண்டு, தண்டடிக் கிழங்கு வழக்கமாக இராது. பார்த்து முடித்ததும் சேற்றை மூடிவிடுங்கள்.

இதிலும் காலம் பார்க்க வேண்டும். யூனிஃப்ளோரஸின் கிழங்கு கோடை போகப்போகத்தான் பெருக்கும். ஜூனில் கிழங்கு இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. இருந்தால் சான்று, இல்லாவிட்டால் சான்றல்ல.

இதைவிட முக்கியமான ஒன்று. அதே சேற்றில் சிக்யூட்டா மாக்குலேட்டா என்ற வாட்டர் ஹெம்லாக் நிற்கலாம். வட அமெரிக்காவின் மிகக் கொடிய நச்சுச்செடிகளுள் ஒன்று அது, அதிலும் நஞ்சு செறிந்திருப்பது கிழங்குக் கொத்தில். தரைக்கு மேலே அதை லைக்கோபஸோடு யாரும் குழப்ப மாட்டார்கள்: இலை மாற்றடுக்கு, கொத்தமல்லிபோல் குடைப்பூ, உருண்ட உள்ளீடற்ற தண்டு. ஆனால் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவும்போது எந்த வேர் எந்தத் தண்டுக்கு உரியது என்று கண்ணுக்குத் தெரியாது. கையுறை போடுங்கள், அகப்பட்ட கிழங்கை ஓடுதண்டோடு தொடர்ந்துபோய் எந்தத் தண்டில் சேருகிறது என்று பாருங்கள், எதையும் கடித்துப் பார்க்காதீர்கள்.

இப்போது பூவுக்கு வரலாம். யூனிஃப்ளோரஸையும் வர்ஜினிகஸையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க மட்டும் பூ உண்மையில் உதவும். யூனிஃப்ளோரஸில் அல்லிவட்டம் ஐந்து மடலாகப் பிரிந்து வெளிப்பக்கம் விரியும். வர்ஜினிகஸில் நான்கு மடல், அவை விரியாமல் நிமிர்ந்தே நிற்கும். வர்ஜினிகஸின் இலைகள் கரும்பச்சையில் ஊதா பாய்ந்திருப்பதும் அடிக்கடி காணக்கூடியது. நிழலான சதுப்புக் காடுகளையும் வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றங்கரைக் காடுகளையும் அது அதிகம் நாடும். இரண்டும் கலந்து வளருமிடத்தில் லைக்கோபஸ் ஷெரார்டை என்ற கலப்பினம் உண்டாவதால், எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத செடி கையில் கிடைத்தால் அது உங்கள் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யூனிஃப்ளோரஸ் என்ற பெயருக்கு ‘ஒற்றைப் பூ’ என்று பொருள். 1803இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷோ வைத்த அந்தப் பெயரை நம்பி ஒற்றைப் பூவைத் தேடினால் கிடைக்காது. அதற்கும் வளையம் நிறையப் பூதான்.

அமெரிக்கானஸின் பூ நான்கு மடல்போலத் தோன்றும். மேலுதடு இரண்டு மடல் சேர்ந்து ஒன்றானது. நுனியில் சிறு பிளவு தெரிவது அதனால். தும்பையில் கீழுதடு அகன்று வெள்ளைத் துணிபோல் தொங்குமே, அந்த ஏற்றத்தாழ்வு இதில் இல்லை. நான்கும் கிட்டத்தட்டச் சமம். புதினாக் குடும்பத்துக்கே உரிய வாய்பிளந்த பூவை எதிர்பார்த்து வருபவர்கள் ‘இது புதினாக் குடும்பமே இல்லை’ என்று முடிவெடுப்பதற்கும் இதுதான் காரணம். புதினாப் பூவும் இதேபோல் நான்கு சமமடல்தான் என்பதை நினைவில் வைத்தால் தடுமாற்றம் இராது.

இனி இரண்டாவது செயலி சொன்ன பெயர். லைக்கோபஸ் யூரோப்பியஸ், ஜிப்ஸிவோர்ட், ஐரோப்பாவிலிருந்து வந்து வட அமெரிக்காவின் கிழக்கிலும் பெருஏரிக் கரைகளிலும் நிலைகொண்டது. இதுவே அமெரிக்கானஸுக்கு மிக நெருங்கிய போலி, ஏனென்றால் மேலே சொன்ன மூன்று இடங்களில் இரண்டு இங்கே உதவாது. யூரோப்பியஸுக்கும் புல்லிமுனை ஊசிதான். கீழ் இலை அதற்கும் வெட்டுப்பட்டதுதான். ஆகையால் செயலியைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

பிரித்தறிய முதலில் மயிரைப் பாருங்கள். அமெரிக்கானஸில் தண்டு பெரும்பாலும் வழவழப்பு, கணுவருகில் மட்டும் கொஞ்சம் மயிர் இருக்கலாம். இலையும் ஏறத்தாழ மொட்டை. யூரோப்பியஸில் தண்டிலும் இலையின் அடிப்பரப்பு நரம்புகளிலும் மயிர் தெளிவாகத் தெரியும். வெயிலுக்கு எதிராகப் பிடித்து விளிம்பைப் பார்த்தால் வில்லை இல்லாமலே காணலாம். பிறகு இலையின் போக்கு. அமெரிக்கானஸ் இலை ஒடுக்கம், கீழே ஆழ வெட்டி மேலே சட்டென்று சிறுபல்லாக மாறும். யூரோப்பியஸ் இலை அகலம். தண்டின் மேல்பகுதிவரை பெரிய முரட்டுப் பற்கள் தொடரும். மொத்தத் தோற்றத்திலும் அது தடித்த, முரட்டுச் செடி.

யூரோப்பியஸ் பூவின் உட்புறம் ஊதாப் புள்ளிகள் இருக்கும் என்று பல குறிப்புகளில் காணலாம். உண்மைதான். ஆனால் வெள்ளைப் பூவில் நிறப்புள்ளி தெரிவது இந்தப் பேரினத்தில் யூரோப்பியஸுக்கு மட்டும் உரிய குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேறி என்று முத்திரை குத்திப் பிடுங்கி எறிந்தால் சொந்தச் செடி போய்விடும். மயிர், இலைப்போக்கு, புள்ளி மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் யூரோப்பியஸ். ஒன்று முரண்பட்டால் ‘லைக்கோபஸ், இனம் தெளியவில்லை’ என்று எழுதிவைப்பதே நேர்மையான விடை. தவறான பெயரைவிடப் பேரினப் பெயர் எவ்வளவோ பயனுள்ளது.

நிலம் என்ன சொல்கிறது? அமெரிக்க ஈரநிலத் தாவரப் பட்டியலில் அமெரிக்கானஸ் ஈரநிலத்தை விட்டு விலகாத வகுப்பில் வருகிறது. அதாவது அது நிற்கும் இடம் ஏறத்தாழ எப்போதும் ஈரநிலமாகவே இருக்கும். குளக்கரை, ஈரப் புல்வெளி, ஓடைக்கரை, சாலையோர நீர்வாய்க்கால், வற்றிவரும் சேற்றுத்திட்டு இவையெல்லாம் அதன் இடங்கள், வெயில் விரும்பி. காய்ந்த மேட்டில் லைக்கோபஸ் என்று தோன்றினால் மறுபடி பாருங்கள். ஆனால் நிலத்தை வைத்து லைக்கோபஸ் இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது. நான்கும் ஈரத்தில்தான் நிற்கின்றன, இரண்டு மூன்று ஒரே கரையில் கலந்தும் நிற்கும். அதனால் ஒரு செடியின் பூவையும் பக்கத்துச் செடியின் இலையையும் படமெடுத்து ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு தண்டில் நூல் கட்டிவிட்டு எல்லாவற்றையும் அதிலேயே எடுங்கள்.

எடுக்க வேண்டிய படங்கள்: செடி முழுவதும் நிற்கும் இடத்தோடு; முதன்மைத் தண்டின் மிகக் கீழான இலை, பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, மேற்புறமும் அடிப்புறமும்; நடுத்தண்டின் ஒரு கணு, மயிர் தெரியும்படி வெயிலுக்கு எதிராக; பூ நேர்முகமாக; காய்த்த வளையம் பக்கவாட்டில், மில்லிமீட்டர் அளவுகோலோடு; தண்டடி. கைப்பேசியின் நெருக்கக்காட்சியில் வெள்ளைப் பூ வெளிச்சத்தில் வெளிறிப்போய் மடல் எண்ணிக்கையே தெரியாது. ஒளியளவை ஒரு படி குறைத்து, உங்கள் நிழல் பூமேல் விழுமாறு நின்று எடுத்தால் மடலும் தாளும் தெளியும். வாசம் இருந்ததா இல்லையா என்பதையும் குறித்துவிடுங்கள். அதைப் பிறகு எந்தப் படத்திலிருந்தும் மீட்க முடியாது.

பனிக்காலத்தில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. தரைக்கு மேலான பகுதி குளிரில் செத்துவிடும், ஓடுதண்டும் கிழங்கும்தான் அடுத்த ஆண்டுக்கு உயிர் காப்பவை. ஆனால் காய்ந்த சதுரத் தண்டு பழுப்பாக நின்றுகொண்டே இருக்கும், இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் புல்லிவளையங்களோடு. புல்லிமுனைச் சோதனை அப்போதும் செல்லும். புதினாவின் காய்ந்த தண்டும் அப்படியே நிற்கும் என்பதால், காய்ந்த வளையத்தையும் ஒரு முறை கசக்கி முகர்ந்துவிடுங்கள்.

செடியைக் கொண்டுபோகலாமா என்பது இடத்தைப் பொறுத்தது. ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா போன்ற காப்பிடங்களில் செடி, பூ, விதை எதையும் எடுக்க அனுமதி இல்லை. பார்ப்பதையும் படமெடுப்பதையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அந்தக் கரைப்புல்லில் கறுப்புக்கால் உண்ணிகள் உண்டு, லைம் நோயைக் கடத்துபவை அவைதான். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கப்படவில்லை, ஆனால் நம்மவர் கண்ணில் புதினாக் குடும்பச் செடி ஒன்று பட்டால் அடுத்த கேள்வி எப்போதும் ‘மூலிகையா?’ என்பதே. வர்ஜினிகஸும் யூரோப்பியஸும் மேலைநாட்டு மூலிகை மருத்துவத்தில் தைராய்டு மிகையாகச் சுரப்பதற்குத் தரப்பட்டு வந்தவை. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் தன்மை உள்ளது என்பதால்தான் இதை விளையாட்டாகக் கஷாயம் வைக்கக் கூடாது: தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இது ஆகாது. அமெரிக்கானஸுக்கும் அதே விலக்கை வையுங்கள். சுவைக்காக என்றால், வாசமில்லாத இந்த இலையில் துவையலுக்கு எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் மென்தா கனடென்சிஸ்தான் நாக்குக்குத் தெரிந்த புதினா.

உங்கள் செடிக்குத் திரும்பினால்: கிழிந்ததுபோன்ற கீழ் இலை யூனிஃப்ளோரஸையும் வர்ஜினிகஸையும் நீக்கிவிட்டது. வாசமின்மை புதினாவை நீக்கிவிட்டது. மிஞ்சியது அமெரிக்கானஸா யூரோப்பியஸா என்பது மட்டும். ஒரு கணுவையும் ஓர் இலையின் அடிப்புறத்தையும் வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்; தண்டு மொட்டையாக, இலை ஒடுக்கமாக, மேல் இலைகளில் சிறுபல் மட்டும் என்றால் அது லைக்கோபஸ் அமெரிக்கானஸ், அந்தக் கரைக்கே உரியது.